மினுங்கி மறையும் செயற்கைக்கோள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் ஸ்டாப்வாட்சும் குறிப்பேடுமாக அண்ணாந்து உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தாரும், திருவிழாவுக்கு ஊர் வந்த உறவினரும், பள்ளிப் பிள்ளைகளும் கேட்ட ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒருசேர எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. நேத்து ராத்திரி ஒரு நட்சத்திரம் நகர்ந்துக்கிட்டே அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுச்சு. அது என்ன?

பெரும்பாலும் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட்டின் கடைசி அடுக்காகவோ, செயலிழந்துபோன செயற்கைக்கோளாகவோ இருக்கும். கட்டுப்படுத்த ஆளில்லாத அந்தப் பொருள் கரணமடித்தபடியே செல்கிறது. அதன் அகன்ற பக்கம் நமக்கு வாகாகத் திரும்பும்போது ஒளி கூடுகிறது. முனைப்பக்கம் திரும்பும்போது ஒளி குறைகிறது, சில வேளைகளில் வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கிவிடுகிறது.

இயங்கிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை தம் ஆன்டெனாவையோ கேமராவையோ பூமியை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டே செல்வதால் அவற்றின் ஒளி மெல்லக் கூடி மெல்லக் குறையுமே தவிர, விட்டுவிட்டு எரியாது. பன்னாட்டு விண்வெளி நிலையம் அப்படித்தான் நிதானமாகக் கடந்து போகும்.

2. விமானமா சாட்டிலைட்டான்னு எப்படி சார் பிரிச்சுப் பார்க்குறது?

விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகளும், நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை வெட்டியெரியும் வெள்ளை விளக்கும் இருக்கும். நமக்கு ஒருபுறம் திருச்சி, மறுபுறம் மதுரை என்று இரண்டு விமான நிலையங்கள் இருப்பதால் விமானங்களுக்குக் குறைவில்லை. செயற்கைக்கோள் ஒற்றைப் புள்ளியாக, வெண்மையாகவோ சற்று மஞ்சளாகவோ, ஓசையின்றிச் செல்லும். பைனாகுலரில் பார்த்தால் விமானத்தின் விளக்குகள் தனித்தனியே பிரிந்து தெரிவதால் ஐயம் உடனே தீர்ந்துவிடும். கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களை மின்மினிப் பூச்சியும் ஏமாற்றியதுண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

3. அதுக்குள்ள லைட்டு போட்டு வச்சிருக்காங்களா?

இல்லை. நாம் காண்பது சூரிய ஒளியின் எதிரொளிப்பு. விதிவிலக்காக, 1962-இல் ஏவப்பட்ட ‘அன்னா 1பி’ என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் நில அளவைக்காகப் பளிச்சிடும் விளக்குகள் வைக்கப்பட்டிருந்தன. 2012-இல் ஜப்பானியக் கல்லூரி ஒன்றின் ‘ஃபிட்சாட்-1’ என்ற சிறு செயற்கைக்கோள் எல்இடி விளக்குகளை எரிய விட்டுச் சோதித்தது. இவற்றைப் போன்றவை மிகச் சில.

எதிரொளிப்பிலும் இரண்டு வகை உண்டு, அதற்குச் சான்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. வெறும் வெள்ளையடித்த சுவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரோ, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நின்றால் மட்டும் கண்ணாடிபோல் பளீரென்று முகத்தில் அடிக்கும். வண்ணம் பூசிய ராக்கெட் உடல் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் ஒளி அலைபோல் ஏறி இறங்கும். சூரியத் தகடும் பளபளப்பான உறையும் இரண்டாம் வகை. அவை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வெட்டிவிட்டு மறையும். ஆகவே பளிச்சின் வடிவமே அந்தப் பொருளின் மேற்பரப்பைப் பற்றி ஓரளவு சொல்லிவிடுகிறது.

4. விண்வெளியில காத்தே கிடையாதே, அப்புறம் எது அதைப் பிடிச்சுச் சுத்தி விடுது?

காற்று இல்லாததால்தான் ஒருமுறை தொடங்கிய சுழற்சி எளிதில் நிற்பதில்லை. ராக்கெட்டின் கடைசி அடுக்கு தன் சுமையான செயற்கைக்கோளைப் பிரித்துவிடும்போது ஏற்படும் எதிர்விசை, தொட்டியில் எஞ்சிய எரிபொருளும் அழுத்த வாயுவும் பிற்பாடு கசிந்து வெளியேறும் உந்தல், அரிதாக ஏதேனும் சிதறல் மோதுவது ஆகியவை சுழற்சியைத் தொடங்கிவைக்கின்றன.

பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டித் தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட பொருள் தன் நெட்டச்சில் (நீளவாக்கில் செல்லும் அச்சில்) சுழலத் தொடங்கினாலும், உள்ளே குலுங்கும் திரவமும் வளையும் உறுப்புகளும் ஆற்றலைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுவதால், காலப்போக்கில் அது குறுக்கச்சில் புரளும் நிலைக்கு வந்து சேர்கிறது. 1958-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1 இப்படித்தான் யாரும் எதிர்பாராமல் குட்டிக்கரணம் போடத் தொடங்கியது. சுழற்சி பின்னாளில் என்னவாகும் என்பதை 14-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

5. எத்தனை மணிக்கு மாடிக்குப் போகணும்? பன்னெண்டு மணிக்குப் பார்த்தா ஒண்ணுமே தெரியலையே?

நமக்கு இருட்டி, அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் நேரமே தகுந்தது. மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுந்து மேலேறுகிறது. நம் அகலாங்கு (அட்சரேகை) ஏறத்தாழ 10 பாகை வடக்கு என்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே கீழிறங்குகிறது; அந்தி சுருக்கமாக முடிந்து, நிழலும் விரைவில் உச்சியை எட்டிவிடுகிறது. நானே கணக்கிட்டு வைத்திருக்கும் அளவு இது: தலைக்கு நேர் மேலே சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பொருள் சூரியன் மறைந்து 80 முதல் 90 நிமிடம் வரையிலும், 800 கிலோமீட்டரில் செல்வது ஏறக்குறைய 2 மணி நேரம் வரையிலும், 1,500 கிலோமீட்டரில் செல்வது சுமார் இரண்டரை மணி நேரம் வரையிலும் ஒளி பெறும். மேற்கு வானில் இன்னும் சற்று நேரம் கிடைக்கும், கிழக்கில் அதற்கு முன்பே நிழல் விழுந்துவிடும்.

எனவே கோடையில் இரவு 7.15 முதல் 9 மணி வரையிலும், மார்கழி, தை மாதங்களில் 6.40 முதல் 8.15 வரையிலும் உட்கார்ந்தால் போதும். விடியலுக்கு முன்பும் இதே அளவு நேரம் உண்டு. நள்ளிரவில் நம் தலைக்கு மேல் நிழலின் உயரம் ஆனி மாதத்தில்கூட 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவதால் தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள எதுவும் ஒளிராது.

நடுவானில் திடீரென்று மங்கி, மறுபடி எரியாமலே போன பொருள் நிழலுக்குள் நுழைந்ததாகக் கொள்ள வேண்டும். அதைப் பளிச்சின் இறக்கம் என்று எண்ணிக் காத்திருப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

6. லண்டன்ல இருக்குற என் பேரன் ராத்திரி பூரா தெரியுதுங்கிறானே, அது எப்படி?

பேரன் சொல்வது சரி. லண்டன் 51 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகைதான் இறங்குகிறது. அப்போது தலைக்கு மேல் நிழலின் உயரம் சுமார் 225 கிலோமீட்டர்தான். விண்வெளி நிலையம் இரவு முழுவதும் ஒளிரும். சிங்கப்பூரில் உள்ள உறவினரைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் நிலை நம்முடையதைப் போன்றே இருக்கும்.

7. தம்பி, எனக்கு மாடிப்படி ஏற முடியலை. வளவுல நாற்காலி போட்டுப் பார்த்தா தெரியாதா?

தெரியும் ஆச்சி. ஆனால் வளவின் முற்றத்தில் உட்கார்ந்தால் வானம் ஒரு செவ்வகத் துண்டாக மட்டுமே கிடைக்கும். விண்வெளி நிலையம் உச்சியைக் கடக்கையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால், ஒரு நிமிடத்துக்குள் ஓட்டு விளிம்பில் மறைந்துவிடும். 15 நொடிக்கு ஒருமுறை பளிச்சிடும் ராக்கெட் அடுக்கு இன்னும் மெதுவாக நகர்ந்தாலும், ஏழெட்டுப் பளிச்சுகளுக்கு மேல் கிடைக்காது. பார்த்து மகிழ அது போதும், நேரம் அளக்கப் போதாது. அதே முற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு: தெருவிளக்கு கண்ணில் படாது.

8. எந்த மாசம், எந்த இடம் நல்லது?

தை முதல் பங்குனி வரை நம் பக்கத்து வானம் தெளிவாக இருக்கும். சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுவதால் குறிப்பேட்டை மூடி வைக்கலாம். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையும் பொட்டல்காடும் சிறந்த இடங்கள். பாம்புக்காக ஒரு கைவிளக்கு அவசியம். கோயில் திருவிழா நாட்களில் சீரியல் விளக்குகளின் ஒளி ஊருக்கு மேல் குடைபோல் கவிந்திருக்கும், அன்று விண்மீன்களில் பாதியைக்கூடக் காண முடியாது.

9. பைனாகுலர் வாங்கியே ஆகணுமா?

தொடங்குவதற்குத் தேவையில்லை. பிறகு வாங்குவதானால் 7×50 அல்லது 10×50 அளவு போதும். தொலைநோக்கி இதற்கு ஒத்துவராது. அதன் பார்வைப் புலம் குறுகியது, பொருள் கணத்தில் ஓடி வெளியேறிவிடும். பைனாகுலரின் உண்மையான பயன், பளிச்சுகளுக்கு இடைப்பட்ட மங்கலான நேரத்தில் பொருளைத் தவறவிடாமல் பின்தொடர்வதுதான். வெறுங்கண்ணால் பார்க்கும்போது அடுத்த பளிச்சு எங்கே தோன்றும் என்று தேடுவதிலேயே பாதிக் கணக்கு தவறிவிடுகிறது.

10. இது எப்ப, எந்தப் பக்கம் வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. ‘ஹெவன்ஸ் அபவ்’ இணையதளமும் செயலியும், ‘ஸ்டெல்லேரியம்’ மென்பொருளும் உங்கள் ஊரைக் குறித்துக் கொடுத்தால் அன்றைய கடப்புகளை, அதாவது எது எப்போது எந்தப் பக்கமாக வானைக் கடக்கும் என்பதை, நிமிட அளவில் சொல்லிவிடும். இவை ‘டிஎல்இ’ எனப்படும் இருவரித் தரவுகளைக் கொண்டு கணக்கிடுகின்றன. அந்தத் தரவு அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. பழைய தரவைக் கொண்டு கணித்தால், குறிப்பாகத் தாழ்வான பாதையில் செல்பவை பல நொடிகள் முன்பின்னாக வரும்.

பட்டியலில் பெயருக்குப் பின்னால் ‘ஆர்/பி’ என்று இருந்தால் அது ராக்கெட் அடுக்கு. ‘எஸ்எல்-8’, ‘எஸ்எல்-16’ என்பவை சோவியத், ரஷ்ய ராக்கெட்டுகள். ‘சிஇசட்’ என்று தொடங்குபவை சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டுகள். ஒரே பெயரில் பல இருப்பதால் பெயரை நம்பாமல் ஐந்து இலக்கப் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எஸ்எல்-8 மட்டும் நூற்றுக்கணக்கில் சுற்றுகிறது. ‘எஸ்எல்-8 பார்த்தேன்’ என்று எழுதுவது ‘பேருந்து பார்த்தேன்’ என்று எழுதுவதற்குச் சமம்.

11. முதன்முதலா எதைப் பார்க்கலாம், அண்ணே?

விண்வெளி நிலையத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு எஸ்எல்-16 அடுக்குகளைத் தேடுங்கள். ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் கட்டங்களான இவை 10 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள உருளைகள். சுமார் 840 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 71 பாகைச் சாய்வில் சுற்றுகின்றன. பெரியவையாதலால் நன்றாக ஒளிரும். சில சீராகவே போகும், சில நிதானமாக ஏறி இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் ‘அஜிசாய்’. 1986 ஆகஸ்டில் ஏவப்பட்ட இது 2.15 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. எடை 685 கிலோ. மேற்பரப்பு முழுவதும் 318 கண்ணாடிகள். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் உயரத்தில் சுழன்றபடி செல்லும் அதைப் பைனாகுலரில் பிடித்துவிட்டால், ஊசிமுனை போன்ற வெட்டுகள் நொடிக்குள் அடுத்தடுத்து விழுவதைக் காணலாம். இது செயலிழந்து தறிகெட்ட பொருள் அன்று, பளிச்சிடுவதற்கென்றே செய்யப்பட்டது. 3-ஆம் பதிலில் சொன்ன இரண்டாம் வகை எதிரொளிப்புக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

12. நேரத்தை எப்படி எடுக்குறது? ஒரு பளிச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எண்ணினா போதாதா?

போதாது. கண்ணில் பட்டதும் பொத்தானை அழுத்த நம் விரலுக்கு ஏறக்குறைய கால் நொடி பிடிக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒற்றை இடைவெளியை மட்டும் அளந்தால் அந்தப் பிழை முழுவதும் விடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பல இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழையும் சேர்ந்து வகுபடும்.

செய்முறை இதுதான். ஒரு பளிச்சில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கும்போது வாய்விட்டுச் ‘சுழியம்’ என்று சொல்லுங்கள். அடுத்ததற்கு ‘ஒன்று’. இப்படியே சென்று இருபதாவதில் நிறுத்துங்கள். கடிகாரம் 173.4 நொடி காட்டினால், 20 ஆல் வகுக்க 8.67 நொடி வரும். இரு முனைகளிலும் சேர்ந்து 0.3 நொடி பிசகியிருந்தாலும் விடையில் பிழை 0.015 நொடிதான்.

முதல் பளிச்சையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியவர்கள் இருபத்தொன்றால் வகுத்து 8.26 என்று எழுதிவிடுவார்கள். வளவில் வரிசையாக நிற்கும் பத்துத் தூண்களுக்கு நடுவே இருப்பவை ஒன்பது இடைவெளிகள் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு நேராது. நடுவில் ஒரு பளிச்சு தவறிவிட்டதோ என்ற ஐயம் வந்தால் அந்த அளவையை அடித்துவிடுங்கள். ஊகித்துச் சேர்த்த எண், எழுதாமல் விட்டதைவிடக் கெடுதல்.

13. நான் எண்ணினா எட்டு செகண்டு வருது, தம்பி எண்ணினா பதினாறு வருது. அதோட நேத்து 60 இருந்தது இன்னைக்கு 63 ஆயிருச்சு. எது சரி?

இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இதில் கலந்திருக்கின்றன. முதலாவது, உருளை ஒரு முழுக் கரணம் அடிப்பதற்குள் அதன் அகன்ற பக்கம் இருமுறை நமக்கு வாகாக வந்துவிடும். ஆகவே பளிச்சு இடைவெளி 8 நொடி என்றால் உண்மையான சுழற்சிக் காலம் 16 நொடியாக இருக்கக்கூடும். சில நேரம் இரண்டு பளிச்சுகளில் ஒன்று வலுவாகவும் மற்றது மெலிவாகவும் இருக்கும். வெறுங்கண்ணால் பார்க்கும் தம்பிக்கு மெலிந்தது தெரியாமல் போயிருக்கலாம். இருவரும் கண்டது உண்மையே. குறிப்பேட்டில் ‘வலுவானதிலிருந்து வலுவானது வரை’ என்றோ ‘எல்லாவற்றையும் சேர்த்து’ என்றோ எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

இரண்டாவது சற்று நுட்பமானது. திருவிழா ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றால், அதில் ஏறிய குழந்தை ஒரே இடைவெளியில் உங்கள் முன்னால் வரும். ராட்டினம் சுற்றும் திசையிலேயே நீங்களும் அதைச் சுற்றி நடந்தால் குழந்தை வந்து சேரச் சற்றுக் கூடுதல் நேரமாகும். எதிர்த்திசையில் நடந்தால் முன்னதாகவே வந்துவிடும். செயற்கைக்கோள் வானைக் கடக்கும்போது சூரியன், அது, நாம் என்ற மூவருக்கும் இடைப்பட்ட கோணம் இடைவிடாமல் மாறுவதால், நாம் அதைச் சுற்றி நடப்பதைப் போன்ற விளைவு உண்டாகிறது. பளிச்சு விழவேண்டிய திசை நொடிக்கு 0.3 பாகை நகர்வதாகக் கொள்வோம். 10 நொடியில் ஒரு சுற்றுச் சுற்றும் பொருள் நொடிக்கு 36 பாகை திரும்புவதால் பிழை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 60 நொடியில் சுற்றுவது நொடிக்கு 6 பாகைதான் திரும்புகிறது; அங்கே நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம் வரும். உங்கள் 60-க்கும் 63-க்கும் இடைப்பட்ட வேறுபாடு இதனுள் அடங்கிவிடுகிறது.

இதை வெறும் பிழை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. வடக்கிலிருந்து தெற்காகச் சென்ற ஒரு கடப்பையும் தெற்கிலிருந்து வடக்காகச் சென்ற ஒரு கடப்பையும் ஒப்பிட்டால், பொருள் எந்தத் திசையில் சுழல்கிறது என்பதைக்கூட ஊகிக்க முடியும். விரலும் கடிகாரமும் கொண்டு இவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் என்னை இந்தப் பழக்கத்தில் கட்டிப்போட்டது.

14. வருஷம் போகப்போக அது நின்னுருமா, வேகமெடுக்குமா?

பெரும்பாலான ராக்கெட் அடுக்குகள் மெல்லத் தணிந்து நின்றுவிடுகின்றன. உலோகத் தொட்டி பூமியின் காந்தப் புலத்துக்குள் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது தடையாக வேலை செய்கிறது. பழைய மின்மீட்டரில் சுழலும் அலுமினியத் தட்டைக் காந்தம் அடக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்படித்தான் சில ஆண்டுகளுக்கு முன் 5 நொடிக்கு ஒருமுறை பளிச்சிட்டது பின்னர் 20 நொடி, 60 நொடி என்று நீண்டு, கடைசியில் சீராக எரியும்.

எதிர்மாறாக நடப்பதும் உண்டு. கடல் மட்டத்தை அளந்த டோபெக்ஸ்/பொசைடான் செயற்கைக்கோள் 2006-இல் ஓய்வு பெற்றது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் அதன் ஒற்றைப் பக்கத்துச் சூரியத் தகட்டின் மீது இடைவிடாமல் பட்டு, சுழற்சியை வேகப்படுத்தி, ஒரு சுற்றுக்கு 11 நொடிக்கும் குறைவான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள் 2012 ஏப்ரலில் தொடர்பிழந்தது. அடுத்த ஆண்டு லேசர் கொண்டு அளந்தபோது ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டு டன் எடையுள்ள அந்தப் பொருளை நம் மாடியிலிருந்தும் பார்க்கலாம்.

15. முன்னெல்லாம் இரிடியம் ஃப்ளேருன்னு நிலா மாதிரி ஒண்ணு பளீர்னு வருமே, இப்ப ஏன் காணோம்?

அந்தச் செயற்கைக்கோள்கள் இறங்கிவிட்டன. 1997 முதல் ஏவப்பட்ட இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் கதவளவுள்ள மூன்று பளபளப்பான ஆன்டெனாத் தகடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் எதிரொளி நம் ஊரைக் கடக்கும்போது சில நொடிகள் வெள்ளிக் கோளையும் மிஞ்சிய ஒளி தெரியும். பளிச்சு விழும் நேரத்தை நொடி சுத்தமாக முன்கூட்டியே சொல்லிவிடலாம். 2017 முதல் 2019 வரை புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்கள் அவற்றின் இடத்துக்கு வந்தபின் பழையவற்றில் பெரும்பாலானவை வளிமண்டலத்தில் இறக்கி எரிக்கப்பட்டன. புதியவற்றில் அந்தத் தகடு அமைப்பு இல்லை.

கட்டுப்பாட்டை இழந்த சில பழைய இரிடியங்கள் இன்னும் சுற்றுகின்றன. அவை கரணமடித்தபடி செல்வதால் எப்போது பளிச்சிடும் என்று கணிக்க முடியாது. நேரம் கூடிவந்தால் ஒன்றிரண்டு வெட்டுகள் கிடைக்கும்.

16. ரயில் பெட்டி மாதிரி வரிசையா போச்சே, அதுவும் இதுதானா?

அது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் வரிசை. 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 ஏவப்பட்டதிலிருந்து, ஒவ்வொரு ஏவுதலுக்கும் பிறகு சில நாட்கள் இப்படி வரிசையாகத் தெரியும், பிறகு பிரிந்துவிடும். அவை கரணமடிப்பதில்லை, ஆகவே இந்தப் பக்கத்துக்கு விருந்தாளிகள் மட்டுமே. அடிவானத்துக்கு அருகே, சூரியன் மறைந்த திசையில், ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் சில ஒளிகள் பளிச்சிட்டு மறைந்தால் அவையும் பெரும்பாலும் ஸ்டார்லிங்க்குகளின் எதிரொளிப்புதான்.

17. நகரவே இல்லை, ஒரே இடத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெட்டுச்சு. இது என்ன கணக்கு?

சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைப் பாதையைச் சேர்ந்த பொருளாக இருக்கலாம்; அங்கே உள்ளவை பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். நம் பகுதி டிஷ் ஆன்டெனாக்கள் குறிவைக்கும் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய உச்சிவானில் இருப்பதற்குக் காரணம், அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பதும் நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதும்தான். காரைக்குடியிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டை வானம் வரை நீட்டினால் வரும் கோட்டுக்கு) ஏறக்குறைய 1.8 பாகை தெற்கே விழுகிறது. ஓரியன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக உள்ள மூன்று விண்மீன்களின் ஊடாகவே அது செல்கிறது என்பது வடக்கே இருப்பவர்களுக்குக் கிட்டாத வசதி. மாசி மாலைகளில் அந்த மூன்று விண்மீன்களைச் சுற்றிப் பைனாகுலரை வைத்து, அசையாத ஏதாவது ஒரு கம்பத்தில் முட்டுக்கொடுத்துக் காத்திருங்கள்.

செயலிழந்த புவிநிலைச் செயற்கைக்கோள்கள் கரணமடிக்கும்போது, மற்ற நேரம் கண்ணுக்கே தெரியாதவை சில கணங்கள் பைனாகுலருக்கு எட்டுகின்றன. 1997 ஜனவரியில் செயலிழந்த டெல்ஸ்டார் 401 இவ்வாறு பளிச்சிடுவதாக ஆர்வலர்களிடையே பெயர்பெற்றது. மார்ச், செப்டம்பர் மாதச் சமஇரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் இத்தகைய ஒளிகள் கூடுதலாகக் கிடைக்கும். அதே வாரங்களில்தான் நள்ளிரவை ஒட்டி அந்தப் பாதையின் ஒரு பகுதி அதிகபட்சம் 72 நிமிடம் பூமியின் நிழலுக்குள் அகப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

18. போன் கேமராவுல பிடிக்க முடியுமா?

முடியும். முக்காலியில் போனை நிறுத்தி, 20 அல்லது 30 நொடி திறந்திருக்கும்படி அமைத்தால், சீரான செயற்கைக்கோள் ஒரு கோடாகவும் கரணமடிப்பது மணி கோத்தது போலவும் பதியும். மணிகளை எண்ணித் திறப்பு நேரத்தை வகுத்தால் பளிச்சு இடைவெளி ஏறத்தாழக் கிடைக்கும்.  கையில் பிடித்து எடுத்தால் விண்மீன்களும் சேர்ந்து நெளிந்துவிடும்.

19. கரணமடிச்சுக்கிட்டே நம்ம தலைமேல விழுந்துராதா?

கரணமடிப்பதற்கும் விழுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 800 கிலோமீட்டருக்கு மேல் உள்ளவை நூற்றாண்டு கடந்தும் சுற்றிக்கொண்டிருக்கும். தாழ்வாகச் சுற்றுபவையே காற்றின் உராய்வால் இறங்குகின்றன. 2021 ஏப்ரல் 29 அன்று சீன விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியை ஏற்றிச்சென்ற லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப்பகுதி, கட்டுப்பாடின்றிப் புரண்டபடி பல நாடுகளில் கண்ணுக்குப் பளிச்சிட்டு, மே 9 அன்று மாலத்தீவுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. அந்த வாரம் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை.

20. இதையெல்லாம் எழுதி வச்சு யாருக்கு என்ன பிரயோசனம்?

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது உலகெங்கும் மக்கள் வெறுங்கண்ணால் கண்டது பெரும்பாலும் அந்தச் சிறு உருண்டையை அன்று. அதைச் சுமந்து சென்று கூடவே சுற்றிய ராக்கெட்டின் மையப்பகுதியைத்தான். ஆக, இந்தப் பொழுதுபோக்கு விண்வெளி யுகத்தின் முதல் நாட்களிலேயே ராக்கெட் அடுக்கில்தான் தொடங்கியது. அந்நாளில் செயற்கைக்கோள்களின் பாதையை அறிய அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ‘மூன்வாட்ச்’ என்ற பெயரில் ஆர்வலர் குழுக்களைத் திரட்டியது. அந்நிறுவனத்தின் பேக்கர்-நன் கேமராக்களில் ஒன்று 1958 முதல் நம் நாட்டின் நைனிடாலில் வேலை செய்தது.

இன்று பாதையை அளக்க ரேடார்கள் இருக்கின்றன. சுழற்சியைப் பற்றிய தொடர்ச்சியான பழைய பதிவுகளோ, பெல்ஜிய ஆர்வலர் குழு பல பத்தாண்டுகளாகத் தொகுத்த பட்டியலைப் போன்றவற்றில், தனி மனிதர்கள் ஸ்டாப்வாட்ச் கொண்டு எடுத்தவையாகவே பெருமளவு உள்ளன. விண்வெளிக் குப்பையைப் பிடித்து இறக்க விரும்புவோர் முதலில் கேட்பது ‘அது எவ்வளவு வேகமாகப் புரள்கிறது’ என்பதுதான். விசிறிபோல் சுழல்வதை எந்தக் கையும் பிடிக்க முடியாது. 2024-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் விண்கலம் 2009-இல் ஏவப்பட்ட ராக்கெட் அடுக்கு ஒன்றை நெருங்கிச் சென்று படமெடுத்தது இந்த வேலையின் முன்னோட்டமே.

21. நான் பார்த்தப்ப ஒண்ணும் பளிச்சிடலை, சும்மா நேரா போயிருச்சு. அதையும் எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். பட்டியல் எண், நாள், இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்த உலக நேரம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், வெறுங்கண்ணா பைனாகுலரா என்பவற்றோடு ‘சீராக இருந்தது’ என்று ஒரு சொல் போதும். 14-ஆம் பதிலில் சொன்னபடி சுழற்சி எப்போது அடங்கியது என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் பிற்பாடு கண்டுபிடிக்க முடியும். என் குறிப்பேட்டில் மூன்றில் ஒரு பங்கு வரிகள் இப்படிப்பட்டவையே.